பெட்டி மேல "அயர்ன்-55"னு ஸ்டிக்கர். இரும்புல கூடவா ரேடியேஷன்?

மன்னார்குடி_துவாஸ் | திங்கள் இரவு 10:40

வணக்கம் மக்களே. சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு யார்ட்ல வேலை, வந்து 13 வருஷம் ஓடிருச்சு, மொதல்ல ஃபிட்டர் அப்புறம் வெல்டர், இப்ப 4 வருஷமா க்யூசி, அதாவது தரம் பாக்கற வேலை. போன வாரம் ஸ்டோரைக் காலி பண்ணச் சொன்னாங்க. பின்னாடி ரேக்குக்குக் கீழ ஒரு மஞ்சள் பெட்டி, சின்ன சூட்கேஸ் சைஸ், இரும்புப் பெட்டிதான். அது எனக்குப் புதுசு இல்ல, 4 வருஷமா மத்தியானம் அதுமேல உக்காந்துதான் சோறு சாப்பிடுறேன். அன்னைக்குத்தான் திருப்பிப் போட்டேன், அடியில அந்த மூணு இலை விசிறி குறி, பக்கத்துல அயர்ன்-55, அதுக்குக் கீழ ஒரு வரி அழிஞ்சு போயிருக்கு, தேதி மார்ச் 2006.

எனக்குத் தெரிஞ்ச ரேடியேஷன் எல்லாம் ராத்திரி ஆர்டி (வெல்டிங்கை எக்ஸ்ரே மாதிரி படம் பிடிக்கறது) எடுக்கறப்ப கயிறு கட்டி எல்லாரையும் வெளிய அனுப்புவாங்களே அந்த இரிடியம்தான். இரும்ப நான் வெட்டியிருக்கேன், ஒட்டியிருக்கேன், அரைச்சிருக்கேன், கண்ணுல தூளே விழுந்திருக்கு, அதுக்கும் ரேடியேஷனுக்கும் என்ன சம்பந்தம்? சூப்பர்வைசர்கிட்ட கேட்டா "பழசு, விடு"ங்கிறார்.

ஊர்ல பொண்ணு பத்தாவது படிக்கிறா, வீடியோ கால்ல சொன்னேன், அவ உடனே "அப்பா இரும்புக்கு ஐசோடோப் இருக்கு, புக்ல இருக்கு, ஆனா அத வச்சு என்ன பண்ணுவாங்கனு போடல, கேட்டுச் சொல்லு"ன்னுட்டா. நெட்ல பாத்தேன், தலையும் புரியல வாலும் புரியல. யாராச்சும் நம்ம பாஷையில சொல்லுங்க. அப்புறம் முக்கியமா, உக்காந்து சாப்பிட்டதுக்கு எனக்கு ஏதாச்சும் ஆகுமா?

ஆர்டி_லெவல்டூ | திங்கள் இரவு 11:15

அண்ணே மொதல்ல ஒன்னு, பெட்டியத் தொறக்காதீங்க, ஸ்கிராப் லோரியில ஏத்தாதீங்க, இருக்குற எடத்துலயே விட்டுட்டு ஸ்டோரைப் பூட்டுங்க. சூப்பர்வைசர் விடுன்னு சொன்னாலும் விடக்கூடாது, சேஃப்டி டிபார்ட்மென்ட்டுக்கு எழுத்துல போடுங்க. சிங்கப்பூர்ல இந்த மாதிரி ரேடியேஷன் சோர்ஸ் எதை வச்சிருந்தாலும் என்.ஈ.ஏ (அரசு சுற்றுச்சூழல் வாரியம்) லைசென்ஸ் வேணும், வீணாப் போனதா இருந்தாலும் அவங்ககிட்ட சொல்லித்தான் அப்புறப்படுத்தணும்.

இப்ப பயத்துக்கு வர்றேன். அது பழைய பிஎம்ஐ கன்னா, அதாவது உலோகத்துல என்னென்ன கலந்திருக்குன்னு பாக்கற கருவியா இருக்கும்னு நெனைக்கிறேன். இப்ப நீங்க யூஸ் பண்றதுல உள்ள சின்ன எக்ஸ்ரே டியூப் இருக்கும், பேட்டரி எடுத்தா செத்துரும். அந்தக் காலத்து கன்ல டியூபுக்குப் பதிலா ஒரு பொட்டு சைஸ் ரேடியோஆக்டிவ் சோர்ஸ். அது பைப் மேல எக்ஸ்ரே அடிக்கும், பைப்புல இருக்குற ஒவ்வொரு தனிமமும் தன் பங்குக்கு வேற வேற எனர்ஜியில எக்ஸ்ரே திருப்பி விடும், அத வச்சுத்தான் இது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா 316ஆன்னு மெஷின் சொல்லும். அயர்ன்-55 டைட்டானியம், குரோமியம் மாதிரி ஆளுங்களுக்கு. 316ல இருக்குற மாலிப்டினத்தைப் பாக்கணும்னா அதுக்கு காட்மியம்-109 தனியா இருக்கும்.

அயர்ன்-55 வேலை செய்யற விதம் ரொம்ப வேடிக்கை. அந்த அணுக்கரு தன்னோட சொந்த எலக்ட்ரான் ஒன்னையே உள்ள இழுத்து முழுங்கிரும், முழுங்கின உடனே இரும்பு மாங்கனீஸா மாறிரும், காலியான எடத்துக்கு மேல் வரிசையில இருந்து இன்னொரு எலக்ட்ரான் இறங்கும், இறங்கறப்ப வர்றதுதான் எக்ஸ்ரே. 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட். ரொம்ப சோதா எக்ஸ்ரே அண்ணே, ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டைக் கூட அதால தாண்ட முடியாது. நீங்க உக்காந்தது இரும்புப் பெட்டி. அரை ஆயுள், அதாவது சரக்கு பாதியாக் குறைய ஆகற காலம், 2.7 வருஷம், 2006லேருந்து கணக்குப் போட்டா நூத்துல ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். காட்மியம்-109 இருந்தாலும் அதோட அரை ஆயுள் ஒன்னேகால் வருஷம்தான், அது எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆனா அந்த அழிஞ்ச வரி எனக்கு உறுத்துது. சில கன்ல மூணாவதா அமெரிசியம்-241ன்னு ஒன்னு இருக்கும், அதுக்கு அரை ஆயுள் 432 வருஷம், அது இன்னும் புதுசா இருக்கும். அதனாலதான் தொறக்காதீங்கங்கிறேன். மூடியிருக்குற வரைக்கும் பெரிய பிரச்சனை இல்ல, ஒடைச்சு தூள் கையில பட்டு வாய்க்குப் போனாத்தான் வம்பு.

பட்டாணிக்கடை | திங்கள் இரவு 11:32

அண்ணே பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்னு யாராச்சும் வந்தா குடுத்துராதீங்க 😂

சீரியஸா ஒரு டவுட்டு. இரும்பு-55 இருந்தா இரும்பு-56, 57ன்னு வரிசையா இருக்குமா? அப்ப நம்ம வீட்டு தோசைக்கல்லு எந்த நம்பர்?

மாலை_வாத்தியார் | செவ்வாய் காலை 6:05

தோசைக்கல் எல்லா நம்பரும்தான் தம்பி. (ரிட்டயர்டு பிசிக்ஸ் டீச்சர், ஆங் மோ கியோ. காலையில வாக்கிங் போற நேரம், மழை, அதனால எழுதறேன். நீளமாப் போனா மன்னிச்சுக்கோங்க.)

இரும்புன்னா 26 புரோட்டான், அது மாறாது. நியூட்ரான் எண்ணிக்கை மாறலாம் (அப்படி மாறின வகைங்கதான் ஐசோடோப்), மாறினா எடை மாறும், குணம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும், துருப்பிடிக்கறதும் காந்தத்துல ஒட்டறதும் ஒன்னுதான். இயற்கையில நாலு வகை: 100 அணு எடுத்தா சுமார் 92 இரும்பு-56, 6 இரும்பு-54, 2 இரும்பு-57, அப்புறம் ஆயிரத்துல மூணு பேர் இரும்பு-58. இந்த நாலும் ரேடியேஷன் விடாது. 55, 59, 60 எல்லாம் நிலையில்லாத கூட்டம், அணு உலையிலோ நட்சத்திரத்திலோ உண்டாகறது. மன்னார்குடிக்காரர் வெட்டற 10 டன் பிளேட்டுல 200 கிலோவுக்கு மேல இரும்பு-57 இருக்கு, அதே 57ஐத் தனியாப் பிரிச்சு எடுத்தா மில்லிகிராம் கணக்குல எடை போட்டு விப்பாங்க.

எனக்குப் பிடிச்சது அந்த 57தான். 1958ல ருடால்ஃப் மாஸ்பவர்னு ஒரு ஜெர்மன் இளைஞர், 30 வயசு கூட ஆகல, ஒன்னு கண்டுபிடிச்சார், 1961லயே நோபல் பரிசு. துப்பாக்கி சுட்டா தோள்ல பின்னடி விழும் இல்லையா, அணுக்கரு காமா கதிர் விடும்போதும் அப்படி ஒரு பின்னடி உண்டு, அதுல கொஞ்சம் எனர்ஜி போயிரும். ஆனா அந்த அணு ஒரு கெட்டியான படிகத்துக்குள்ள இறுக்கமா உக்காந்திருந்தா சில சமயம் பின்னடியை மொத்தப் படிகமும் வாங்கிக்கும், அதாவது பின்னடியே இல்லாத மாதிரி. அவர் செஞ்சது இரிடியத்துல (உங்க ஆர்டி இரிடியம் 192, இது 191). ஆனா உலகம் முழுக்க பிடிச்சுக்கிட்டது இரும்பு-57ஐத்தான், ஏன்னா அது சாதாரண ரூம் சூட்டுலயே வேலை செய்யும், அதோட இரும்பு எல்லா எடத்துலயும் இருக்கு.

இதனால என்ன லாபம்? அந்த காமா கதிரோட எனர்ஜி, 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அவ்வளவு துல்லியமா இருக்கும், சோர்ஸை ஒரு செகண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்துல, எறும்பை விட மெதுவா, முன்னயும் பின்னயும் நகத்தினாலே டியூன் மாறிரும். ரேடியோல ஒலி 96.8 தேடறப்ப லேசா திருப்பினா சத்தம் கரகரன்னு போகுமே, அந்த மாதிரி, ஆனா கோடிக்கணக்கான மடங்கு கூர்மை. அதை வச்சு ஒரு இரும்பு அணுவுக்கு அக்கம்பக்கத்துல யார் இருக்காங்க, ஆக்சிஜனா கந்தகமா, ரெண்டு எலக்ட்ரானை இழந்ததா மூணு இழந்ததா, காந்தமா இருக்கா இல்லையான்னு சொல்லிரலாம்.

1960ல ஹார்வர்ட்ல பவுண்ட், ரெப்கான்னு ரெண்டு விஞ்ஞானிங்க இதே இரும்பு-57ஐ வச்சு ஐன்ஸ்டைன் சொன்னதைச் சோதிச்சாங்க. கட்டடத்துக்குள்ள 22.5 மீட்டர் உயரம், நம்ம எச்டிபி அடுக்குமாடி பிளாக்ல எட்டாவது மாடி உயரம்னு வச்சுக்கோங்க. மேலயிருந்து கீழ விழற காமா கதிர் புவியீர்ப்பால கொஞ்சம் எனர்ஜி ஏறணும், எவ்வளவுன்னா 1-க்கு அப்புறம் 15 சைபர் போட்டு அதுல ரெண்டரைப் பங்கு. அதையும் அளந்துட்டாங்க. நான் பாடம் எடுத்த காலத்துல இதைச் சொல்லும்போது பசங்க "சார் சும்மா சொல்றார்"ன்னு சிரிப்பாங்க.

மிச்சத்தை டீ குடிச்சுட்டு எழுதறேன்.

யீஷூன்_மீனா | செவ்வாய் காலை 8:20

எம்ஆர்டி ரயில்ல படிச்சுக்கிட்டே வர்றேன், சார் டீ குடிக்கப் போறேன்னதும் சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா நான் எழுத வந்ததே டீயைப் பத்தித்தான் 😄

நான் லேப் டெக்னீஷியன், ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை. இரும்புச் சத்து உடம்புல எவ்வளவு சேருதுன்னு கண்டுபிடிக்கறது பாக்க ஈசியா தெரியும், ஆனா பெரிய தலைவலி, ஏன்னா உடம்புல ஏற்கெனவே 3, 4 கிராம் இரும்பு இருக்கு, நீங்க இன்னைக்கு கீரை சாப்பிட்டு அதுலேருந்து ஒரு மில்லிகிராம் உள்ள போனா அதுக்கும் பழசுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே இரும்பு. அதனால சாப்பாட்டுல இரும்பு-57 இல்லன்னா 58 கலந்து குடுப்பாங்க. இது ரேடியேஷன் இல்லாதது, பச்சைக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கூட குடுக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சு ரத்தம் எடுத்தா சிவப்பணுவுல அந்த 57 எவ்வளவு கூடியிருக்குன்னு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல (அணுவை எடை வாரியாப் பிரிக்கற மெஷின்) பாத்துரலாம். ஏன் ரெண்டு வாரம்னா, உள்ள போன இரும்பு புது சிவப்பணுவா மாறி வெளிய வர அவ்வளவு நாள் ஆகும். கல்யாண வீட்டுக் கூட்டத்துல நம்ம ஆளுங்களுக்கு மட்டும் சிவப்பு ரிப்பன் கட்டி விட்டு அப்புறம் பந்தியில எத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு எண்ற மாதிரி.

டீயோட சாப்பிட்டா இரும்பு சேர்றது நல்லாவே குறையும், வைட்டமின் சியோட சாப்பிட்டா ஏறும், இதெல்லாம் இப்படி அடையாளம் போட்ட இரும்பை வச்சு எண்ணிப் பாத்து உறுதியானதுதான். ஆனா நம்ம ஆளுங்க இரும்பு மாத்திரையை தே தாரிக்கோடதான் முழுங்குவாங்க, எங்கம்மா உட்பட, சொன்னா கேக்க மாட்டாங்க. கம்புல இரும்பு அதிகமா இருக்குற மாதிரி வளத்த ரகத்தை கர்நாடகத்துல சின்னப் பிள்ளைங்களுக்குக் குடுத்து இதே முறையில அளந்தாங்க, நல்லாவே சேர்ந்துச்சு.

இன்னொன்னு 2017ல வந்தது, சுவிட்சர்லாந்து ஆளுங்க பண்ணினது, இரும்பு குறைவா இருக்குற பொண்ணுங்களுக்கு மாத்திரையை தினமும் குடுத்தா 16 சதவீதம்தான் உள்ள சேருது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுத்தா கிட்டத்தட்ட 22. காரணம் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன், இன்னைக்கு மாத்திரை போட்டா அது ஏறி நாளைக்கு வர்ற இரும்புக்கு கதவைச் சாத்திருது. (உடனே யாரும் மாத்திரையை மாத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டு.)

அப்புறம் நம்ம ஊர் சம்பந்தமா ஒன்னு. தாமஸ் வால்சிக்னு ஒரு விஞ்ஞானி, பின்னாடி நம்ம என்யுஎஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், 2002ல இன்னொருத்தரோட சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். எந்த மருந்தும் குடுக்காம, சும்மா இருக்குற ரத்தத்துலயே இரும்பு-54, 56 விகிதம் ஆளுக்கு ஆள் லேசா மாறுது. நாம சாப்பிடற இரும்பை விட ரத்தத்து இரும்பு கொஞ்சம் லேசு, அதுலயும் ஆம்பளைங்க ரத்தத்துல இருக்கறது பொம்பளைங்களோடதை விட லேசு. குடல் இரும்பை உள்ள எடுக்கறப்பவே லேசான அணுவுக்கு முன்னுரிமை, பொம்பளைங்களுக்குத் தேவை அதிகம், அதனால கனமானதையும் சேர்த்து அள்ளிக்குதுன்னு விளக்கம் சொல்றாங்க. எங்க லேப்ல இதெல்லாம் பாக்க மாட்டோம், எங்களுக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் நம்பர் போதும், ஆனா டியூப் கையில எடுக்கறப்ப எனக்கு இது ஞாபகம் வரும்.

பட்டாணிக்கடை | செவ்வாய் காலை 8:41

ஆம்பளைங்க லேசுன்னு அறிவியலே சொல்லிருச்சு 😭

அக்கா ரேடியேஷன் இல்லாத 57 இருக்குன்னா சரி, முன்னாடியெல்லாம் எப்படிப் பாத்தாங்க?

யீஷூன்_மீனா | செவ்வாய் மதியம் 12:50

அத கேக்காம இருந்திருக்கலாம் தம்பி, சாப்பாட்டு நேரம்.

முன்னாடி இரும்பு-59. அரை ஆயுள் 44 நாள் சொச்சம், காமா விடும், அதனால ஆளை அப்படியே மெஷின் முன்னாடி உக்கார வெச்சு எண்ணலாம். 1939ல அமெரிக்காவுல ராசெஸ்டர்ல விப்பிளும் ஹானும் நாய்களுக்குக் குடுத்துப் பாத்ததுதான் ஆரம்பம், சைக்ளோட்ரான்னு அணுத்துகளை வேகமா சுத்த விடற மெஷினை வச்சு செஞ்ச ரேடியோ இரும்பு. ரத்தசோகை உள்ள நாய் தேவைக்கேத்த மாதிரி அதிகமா இழுத்துக்குது, சோகை இல்லாதது வேண்டாம்னு விட்டுருதுன்னு அதுல தெரிஞ்சுச்சு, நல்ல வேலைதான்.

அப்புறம் நடந்ததுதான் அசிங்கம். 1940கள்ல நாஷ்வில்ல 800க்கும் மேல கர்ப்பிணிங்களுக்கு சத்து பானம்னு சொல்லி இரும்பு-59 கலந்து குடுத்திருக்காங்க, அவங்களுக்கே தெரியாது. 1969ல இங்கிலாந்துல கவென்ட்ரில 21 பேர், எல்லாம் நம்ம இந்தியாவுலேருந்து போன பஞ்சாபிப் பொம்பளைங்க, இங்கிலீஷ் சரியாத் தெரியாதவங்க, சின்ன உபாதைக்கு டாக்டரைப் பாக்கப் போனவங்களுக்கு வீட்டுக்கே சப்பாத்தி வந்துச்சு, அந்த சப்பாத்தியில இரும்பு-59. சப்பாத்தி சாப்பிடறவங்களுக்கு ஏன் சோகை வருதுன்னு பாக்கறதுக்காம். அப்புறம் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போய் அளந்திருக்காங்க. 1995ல டிவியில வந்த பிறகுதான் வெளிய தெரிஞ்சுது. டோஸ் கம்மிதான்னு வாதம் பண்ணினாங்க. எனக்கு டோஸ் பிரச்சனை இல்ல, வாசல்ல சப்பாத்தியை வாங்கி வச்ச அந்தம்மா என்ன நெனைச்சு சாப்பிட்டிருப்பாங்கன்னுதான் தோணும்.

இப்ப எந்த ஆராய்ச்சின்னாலும் அவங்கவங்க பாஷையில விளக்கிச் சொல்லி கையெழுத்து வாங்கணும். மன்னார்குடி அண்ணே, உங்க சூப்பர்வைசர் "பழசு விடு"ன்னு சொன்னது எனக்கும் பிடிக்கல.

மாலை_வாத்தியார் | செவ்வாய் மாலை 5:30

காலையில விட்ட எடம். (மீனாம்மா, டீயை சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிச்சேன், நம்புங்க.)

2004ல செவ்வாய்ல இறங்கின நாசாவோட ரெண்டு வண்டி, ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி, ரெண்டோட கையிலயும் உள்ளங்கை சைஸ் மாஸ்பவர் கருவி இருந்துச்சு, ஜெர்மனியில மைன்ஸ்ல செஞ்சது. செவ்வாய் ஏன் சிவப்பு? துரு. அப்ப துருவைப் படிக்கற கருவிக்கு அதை விட நல்ல ஊர் ஏது. ஆப்பர்சூனிட்டி இறங்கின மெரிடியானி சமவெளிப் பாறையில ஜாரோசைட்னு ஒரு இரும்பு உப்பு கிடைச்சுது, அது அமிலத் தண்ணி இல்லாம உருவாகாது. அந்தப் பக்கம் ஸ்பிரிட் கோதைட் கண்டுபிடிச்சுது, அதுக்கும் தண்ணி வேணும். கோதைட் நம்ம கப்பல் தகட்டுத் துருவிலயே இருக்கு, மன்னார்குடிக்காரர் தினமும் கிரைண்டர்ல பறக்க விடறார்.

அந்தக் கருவிக்குத் தீனி கோபால்ட்-57, அது சிதைஞ்சுதான் கிளர்ந்த நிலையில இரும்பு-57 வரும். அரை ஆயுள் 272 நாள். மூணு மாசம் ஓடினா போதும்னு அனுப்பின வண்டி வருஷக்கணக்கா ஓடிச்சு, ஆனா சோர்ஸ் வாடிக்கிட்டே வந்துச்சு, முதல்ல சில மணி நேரத்துல எடுத்த அளவு கடைசியில நாள் கணக்கு ஆச்சு. கண் மங்கின பிறகும் பேப்பரைக் கிட்ட வெச்சு மெதுவாப் படிக்கிற என்னை மாதிரி.

டெல்லி இரும்புத் தூணோட துருவையும் ஐஐடி கான்பூர்ல பாலசுப்ரமணியம் இதே முறையில பாத்தார். பழைய முறையில உருக்கின இரும்புல பாஸ்பரஸ் அதிகம், அது துருவோட சேர்ந்து மெல்லிசா ஒரு பாஸ்பேட் தோல் போர்த்திருச்சு, அதான் 1,600 வருஷமா நிக்குது. மந்திரம் தந்திரம் ஒன்னும் இல்ல.

பட்டாணிக்கடை | செவ்வாய் மாலை 5:52

சார் அப்ப 2025 ஜனவரியில தூத்துக்குடி பக்கம் சிவகளைல தோண்டி எடுத்த இரும்பு கிமு 3345ன்னு சொன்னாங்களே, அதையும் இரும்பு ஐசோடோப் வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்களா? எங்க வாட்ஸ்அப் குரூப்ல அப்படித்தான் ஒருத்தர் அடிச்சு விட்டார்.

மாலை_வாத்தியார் | செவ்வாய் மாலை 6:20

இல்ல. இரும்போட நாலு ஐசோடோப்பும் நிலையானது, சிதையாத கடிகாரம் மணி காட்டாது. சிவகளைக்குப் பாத்தது அதோட கிடைச்ச கரித்துண்டோட கார்பன்-14, அப்புறம் மண்ணும் பானையும் எப்ப கடைசியா வெளிச்சமோ சூடோ பாத்துச்சுன்னு சொல்ற ஒளிர்வு முறை. அதனால கேள்வி எப்பவும் "கரி, இரும்பு ரெண்டும் ஒரே நேரத்துல உள்ள போச்சா"ங்கறதுலதான் நிக்கும், அது தொல்லியல்காரங்க மண்ணடுக்கு பாத்து சொல்ல வேண்டியது. நமக்குப் பெருமை இருக்கலாம், முறையை மாத்திச் சொல்லக்கூடாது, குரூப்ல போய்ச் சொல்லுங்க. எகிப்து மன்னன் துத்தன்காமன் கத்தி தெரியுமா? அதை 2016ல கையில பிடிக்கற எக்ஸ்ரே கருவியால, அதாவது உங்க பிஎம்ஐ கன்னோட சொந்தக்காரனால பாத்தாங்க, நிக்கல் கிட்டத்தட்ட 11 சதவீதம், விண்கல் இரும்பு.

ராத்திரி_வானம் | செவ்வாய் இரவு 9:10

பாலிடெக்னிக் ஸ்டூடன்ட், அஸ்ட்ரானமி பைத்தியம், யாரும் இரும்பு-60 சொல்லலியேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

அண்ணே மொதல்ல உங்க பெட்டி. சந்திரா எக்ஸ்ரே டெலஸ்கோப் 1999ல மேல போச்சுல்ல, நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் பேர் வெச்சது, அதுக்குள்ள கேமராவைச் சரிபாக்க வெச்ச சோர்ஸ் எது தெரியுமா, இரும்பு-55. உங்க கன்ல இருக்கற அதே 5.9. அதுவும் வருஷம் போகப் போக மங்கிருச்சு. நீங்க சோறு சாப்பிட உக்காந்த அதே சரக்குதான் விண்வெளியிலயும்!

இரும்பு-60க்கு அரை ஆயுள் 26 லட்சம் வருஷம். பூமி பிறந்து 450 கோடி வருஷம் ஆச்சு, அப்ப இருந்தது எல்லாம் எப்பவோ காலி. ஆனா பசிபிக் கடலடியில மெதுவா வளர்ற இரும்பு மாங்கனீஸ் பாறைத் தோல் இருக்கு, 10 லட்சம் வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்தான் வளரும், அதை மியூனிக்ல அடுக்கடுக்காச் சுரண்டி ஆக்சிலரேட்டர்ல போட்டு அணு அணுவா எண்ணிப் பாத்தா இரும்பு-60 இருக்கு. 1999ல மொத தடவை, 2004ல இன்னும் தெளிவா, சுமார் 20 முதல் 30 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி உள்ள அடுக்குல. அப்ப எங்கயிருந்து வந்துச்சு? பக்கத்துல, பக்கத்துலன்னா சில நூறு ஒளியாண்டு, ஒரு நட்சத்திரம் வெடிச்சு அதோட தூசி நம்ம மேல விழுந்திருக்கு. அப்புறம் மத்த கடல்லயும் நிலாவுல இருந்து அப்பல்லோ கொண்டாந்த மண்ணுலயும் கிடைச்சுது. 2019ல அன்டார்டிகாவுல 500 கிலோ பனியை அள்ளி உறைஞ்ச நிலையிலயே மியூனிக்குக் கொண்டு போய் உருக்கிப் பாத்தா அதுலயும் இருக்கு, அது 20 வருஷத்துக்குள்ள விழுந்த பனி, அதாவது இப்பவும் விழுந்துக்கிட்டு இருக்கு. கிடைச்சது விரல் விட்டு எண்ற அளவு அணுக்கள்.

ஆர்டி அண்ணனுக்கு ஒன்னு: இரும்பு-60 சிதைஞ்சு கோபால்ட்-60 ஆகும், கோபால்ட்-60ன்னா உங்களுக்குத் தெரிஞ்ச ஆள்தான், 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட்ல ரெண்டு காமா. நம்ம பால்வெளி முழுக்க அந்த ரெண்டு காமாவும் லேசா வருது, இன்டெக்ரல் செயற்கைக்கோள் பிடிச்சுச்சு.

கடைசியா நீங்க வெட்டற சாதா இரும்பு-56 கதை. வெள்ளைக் குள்ளன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கின நட்சத்திரம்) வெடிக்கறப்ப உண்டாகறது நேரா இரும்பு இல்ல, நிக்கல்-56. அது 6 நாள்ல பாதி கோபால்ட்-56 ஆகும், அது 77 நாள்ல பாதி இரும்பு-56 ஆகும், அந்த சிதைவோட சூட்டுலதான் சூப்பர்நோவா மாசக்கணக்கா எரியுது.

ஆர்டி_லெவல்டூ | செவ்வாய் இரவு 9:48

1.17, 1.33 பாத்ததும் ரேடியேஷன் அளக்கற டோசிமீட்டரைத் தடவிப் பாத்தேன் 😂 கேலக்ஸியிலேருந்து வருதுன்னா யார்கிட்ட பர்மிட் வாங்குறது.

கடல்காத்து | செவ்வாய் இரவு 10:30

டைவிங் சப்போர்ட் போட்ல வேலை பாத்தவன், ஒரு சின்ன விஷயம் சேத்துடறேன். 1945க்கு அப்புறம் உருக்கின ஸ்டீல்ல அணுகுண்டு சோதனையால காத்துல கலந்த தூசி, அதோட இரும்பு உருக்கற உலையோட தேய்மானம் பாக்கப் போட்ட கோபால்ட்-60ன்னு லேசா ரேடியேஷன் ஒட்டிக்கிச்சு. மனுஷ உடம்பு ரேடியேஷனை அளக்கற ரூம் மாதிரி எடத்துக்கு அந்த ஸ்டீல் ஆகாது. அதனால பழைய போர்க்கப்பல் தகட்டைத் தேடிப் போவாங்க, ஸ்காட்லாந்துல ஸ்காப்பா ஃப்ளோவுல 1919ல மூழ்கடிச்ச ஜெர்மன் கப்பல்லேருந்து எடுத்தாங்க. காத்து இப்ப சுத்தமாயிருச்சு, தேவை குறைஞ்சு போச்சு.

நம்ம பக்கம் 1941 டிசம்பர்ல சிங்கப்பூர்லேருந்து கிளம்பி குவாந்தான் பக்கம் மூழ்கின பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ரெண்டையும் திருட்டுத்தனமா அறுத்து எடுத்திருக்காங்க. அந்த ஸ்பெஷல் ஸ்டீலுக்காகன்னு பேச்சு உண்டு, எனக்கு நம்பிக்கை இல்ல, பித்தளையும் சாதா ஸ்கிராப் காசும்தான். எதுக்கா இருந்தா என்ன, உள்ள ஆளுங்க செத்துக் கெடக்கற எடம்.

மன்னார்குடி_துவாஸ் | வெள்ளி இரவு 11:05

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஓவர்டைம் முடிச்சு இப்பத்தான் ரூமுக்கு வந்தேன். புதன்கிழமை வேலைக்கு முன்னாடி நடக்கற டூல்பாக்ஸ் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன், சேஃப்டி மேனேஜர் முகம் மாறிருச்சு, மத்தியானமே ஸ்டோரைப் பூட்டி டேப் கட்டிட்டாங்க. நேத்து மீட்டரோட ஆளுங்க வந்தாங்க. ஆர்டி தம்பி சொன்னது அப்படியே, பழைய அலாய் கன், 55ம் காட்மியமும். அழிஞ்ச வரி காட்மியம்தானாம், அமெரிசியம் இல்ல. வெளிய மீட்டர் ஒன்னும் காட்டல. நான் உக்காந்து சாப்பிட்டேன்னு சொன்னேன், வந்தவர் சிரிச்சுட்டு, துவாஸ் ரோட்டைக் கிராஸ் பண்றதுதான் ரிஸ்க்குன்னார். ஆனாலும் எழுதி வாங்கிக்கிட்டேன். எடுத்துட்டுப் போயிட்டாங்க.

பொண்ணுக்கு வாத்தியார் சார் எழுதினதையும் அந்த நட்சத்திரத் தம்பி எழுதினதையும் அப்படியே அனுப்பினேன். அவ ஒரு கேள்வி திருப்பி அனுப்பியிருக்கா, எனக்குத் தெரியல, யாராச்சும் சொல்லுங்க: அன்டார்டிகா பனியில விழுதுன்னா நம்ம வீட்டு மொட்டை மாடியிலயும் விழுமான்னு. மழைத்தண்ணி தொட்டியில காந்தம் போட்டுப் பாக்கட்டுமாங்கிறா.

ராத்திரி_வானம் | வெள்ளி இரவு 11:20

விழும் அண்ணே, பூமி மேல எல்லா எடத்துலயும் விழும், மன்னார்குடியில மட்டும் விழாம இருக்காது. ஆனா மொட்டை மாடியில சாதா இரும்புத் தூசி, வண்டிப் புகை, பட்டறைத் தூள் எல்லாம் கோடி மடங்கு கலந்திருக்கும், அதுக்குள்ள அந்த ஒன்னைத் தேட முடியாது, அதான் அவங்க அன்டார்டிகா வரைக்கும் போனாங்க. காந்தம் போடச் சொல்லுங்க, இரும்பு-60 தெரியாது, ஆனா ஒட்டுற தூளை மைக்ராஸ்கோப்ல பாத்தா ரொம்ப அபூர்வமா குட்டி உருண்டை வரும், அதுல சிலது விண்கல் தூசி, மிச்சம் முக்காவாசி வெல்டிங் பொறிதான், உருண்டையா அதே மாதிரி இருக்கும். பக்கத்துல பட்டறை இருக்கான்னு கேளுங்க.

மன்னார்குடி_துவாஸ் | வெள்ளி இரவு 11:26

எதுத்த வீடே இரும்பு கேட், கிரில் செய்யற பட்டறைதான் தம்பி 😄 நான் வெல்டிங் கத்துக்கிட்டதே அங்கதான்.